உட்கருவோடு வந்த சிவப்பணுக்கள்

ஓணானின் நெஞ்சைத் திறந்த பிறகும் அதன் இதயம் துடித்துக்கொண்டிருக்கும். அந்தத் துடிப்பு நிற்பதற்குள் கண்ணாடிக் குழாயின் நுனியை அங்கே வைத்து, மறுமுனையில் மாட்டியிருக்கும் ரப்பர் குழாயை வாயில் வைத்து மெதுவாக உறிஞ்ச வேண்டும். ரத்தம் 0.5 என்ற கோட்டில் நிற்க வேண்டும். ஒரு மயிரிழை மேலே போனாலும் அன்றைய எண்ணிக்கை பொய். கை தாமதித்தால் குழாய்க்குள்ளேயே உறைந்துவிடும். அடைப்பை எடுக்க அரை மணி நேரம் பிடிக்கும். எண்பத்திரண்டிலிருந்து எண்பத்தாறு வரை முன்னூற்றுப் பன்னிரண்டு ஓணான்களிடமிருந்து இப்படி ரத்தம் எடுத்திருக்கிறேன். அதில் பதினேழு வீணாய்ப் போயின. மிச்சம் இருநூற்றுத் தொண்ணூற்றைந்து.

ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் துறையில், செய்முறை வகுப்புகளை நடத்துகிற டெமான்ஸ்ட்ரேட்டராக நான் இருந்தேன். எங்கள் துறைத் தலைவர் அப்போது டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். சமவெளியில் திரிகிற ஓணானும் மலையடிவாரத்து ஓணானும் தங்கள் ரத்தத்தில் ஆக்சிஜனை ஒரே மாதிரிதான் சுமக்கின்றனவா, வெயில் காலத்துக்கு ஒரு கணக்கு, மழைக் காலத்துக்கு ஒரு கணக்கு என்று இருக்கிறதா என்பது அவருடைய கேள்வி. கேள்வி அவருடையது, எண்ணுகிற வேலை என்னுடையது. தேவதானத்திலிருந்து ஒரு விவசாயி வாரம் ஒருமுறை துணிப்பையில் ஓணான்களைக் கட்டி பஸ்ஸில் கொண்டுவருவார். பை அசைவதைப் பார்த்துவிட்டு கண்டக்டர் அவரை இரண்டு முறை நடுவழியில் இறக்கிவிட்டிருக்கிறார்.

அந்த நான்கு வருடங்களில் நான் கற்றுக்கொண்டதைச் சொன்னால்தான் பின்னால் வருவது புரியும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின். மனிதனுடைய சிவப்பணு எலும்பு மஜ்ஜையில் உருவாகி, வெளியே வருவதற்கு முன் தன் உட்கருவை உதறிவிட்டு வருகிறது. உள்ளே இருக்கிற இடம் முழுவதும் ஹீமோகுளோபினுக்கே. ஓணான், பாம்பு, ஆமை ஆகியவற்றின் சிவப்பணு அப்படி இல்லை. முட்டை வடிவத்தில், நம்முடையதைவிடப் பெரியதாக, நடுவில் உட்கருவோடுதான் சாகும்வரை ஓடிக்கொண்டிருக்கும். அந்த உட்கரு இடத்தை அடைக்கும். போதாததற்கு அந்த அணு தன் பிழைப்புக்கென்று சுமக்கிற ஆக்சிஜனில் கொஞ்சத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். நமக்கு ஒரு கன மில்லிமீட்டருக்கு ஐம்பது லட்சம் சிவப்பணு என்றால் நான் எண்ணிய ஓணான்களுக்குப் பத்து லட்சம், பதினொரு லட்சம்தான். ஹீமோகுளோபினும் நம்மில் பாதி. நூறு மில்லி ரத்தத்துக்கு ஏழு கிராம், எட்டு கிராம். இதயத்தில் மூன்று அறைதான், அதனால் நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் கொஞ்சம் கலந்தும் போகும்.

இருந்தும் அதற்குப் போதுகிறது. காரணம், உடம்பைச் சூடாக வைத்திருக்க அது ஆக்சிஜனைச் செலவழிப்பதில்லை. சூட்டை வெயிலில் வாங்கிக்கொள்கிறது. வெயில் ஏறி உடம்பு சூடாகி ஓட்டம் பிடிக்க வேண்டிய நேரத்தில், அதே சூட்டில் அதன் ரத்தம் ஆக்சிஜனை எளிதாகக் கைவிட்டுத் தசைக்குக் கொடுத்துவிடுகிறது. ஏழு கிராமை வைத்துக்கொண்டு வேலியில் அது ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து நான் பலமுறை அதிசயப்பட்டிருக்கிறேன்.

எழுபத்தெட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே துறைத் தலைவர் என்னை ஒரு விஷயத்தில் எச்சரித்தார். மனித ரத்தத்தில் வெள்ளணுவை எண்ண வேண்டுமென்றால் ரத்தத்தை அசிட்டிக் அமிலக் கரைசலில் கலப்போம். அமிலம் சிவப்பணுக்களைக் கரைத்துவிடும், உட்கரு உள்ள வெள்ளணு மட்டும் நிற்கும், எண்ணிவிடலாம். ஓணான் ரத்தத்தை அதில் கலந்தால் சிவப்பணு கரைந்தாலும் அதன் உட்கரு கரையாது. சிவப்பை எல்லாம் வெள்ளை என்று எண்ணித் தொலைப்போம். ஊர்வனவற்றுக்கு வேறு கரைசல். இதை நான் எட்டு வருடம், எட்டு செட் மாணவர்களுக்கு எழுத்துப் பிசகாமல் சொல்லிக்கொடுத்தேன். கூடவே இன்னொரு வரியும் சொல்லி எழுதவைப்பேன்: பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இல்லை. அந்த வரியில் ‘முதிர்ந்த’ என்ற சொல் இருப்பதை எட்டு வருடமும் நான் கவனிக்கவில்லை.

கல்லூரி முடிந்ததும் ஐந்து பத்துக்குப் புறப்படும் பஸ்ஸைப் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விடுவேன். அங்கே பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையம். ஒரே அறை, ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஜன்னல். மாலை ஆறிலிருந்து எட்டரை வரை நான்தான் பார்ப்பேன். கை சுத்தம், எண்ணிக்கை சுத்தம் என்று எனக்கு அங்கே பெயர். ஒரே ரத்தத்தை இரண்டு தடவை எண்ணுவேன். இரண்டும் பத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால் மூன்றாவது தடவை. காத்திருக்கிறவர்கள் அலுத்துக்கொள்வார்கள்.

என் தங்கை அதே ஊரில் மடவார் வளாகத்தில் குடியிருந்தாள். எங்கள் பக்கத்து வழக்கப்படி அவளை எங்கள் தாய்மாமனுக்கே கட்டிக்கொடுத்திருந்தோம். அம்மாவுக்குக் கடைசித் தம்பி அவர், என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். ராஜபாளையத்தில் நூற்பாலையில் ஷிப்ட் வேலை. அவர்களுக்கு ஒரே பெண். எண்பத்தாறில் அவளுக்கு நான்கு வயது.

அந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்தே வெளுப்பு. எங்கள் வீட்டில் அதை நிறம் என்றே நினைத்தோம். அந்த வருடம் மாசி மாதத்தில் தெருமுனை வரை நடந்தால் உட்கார்ந்துவிடுகிறாள், வயிறு இடப்பக்கம் கல் மாதிரி இருக்கிறது என்று தங்கை சொன்னாள். டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று சொல்லி, ரத்தம் பார்த்து வரும்படி சீட்டு எழுதி அனுப்பினார். அந்தச் சீட்டோடு அவர்கள் மாலையில் என்னிடம்தான் வந்தார்கள். வேறு யாரிடம் போவார்கள்.

மோதிர விரலில் குத்தினேன். அழவில்லை. ரத்தம் வெளிறி, தண்ணீர் கலந்த மாதிரி வந்தது. ஹீமோகுளோபின் நான்கு புள்ளி இரண்டு. இது ஓணானுக்கும் போதாதே என்று ஒரு நினைப்பு ஓடியது, உண்மையில் ஓடியது. பிறகு வெள்ளணு எண்ணினேன். அறுபத்து நான்கு கட்டங்கள். சாதாரணமாக இருநூறு இருக்கிற இடத்தில் எண்ணூற்று இருபது இருந்தன. ஐம்பதால் பெருக்கினால் நாற்பத்தொன்றாயிரம். மறுபடி எண்ணினேன். எண்ணூற்றுப் பதினாறு. வித்தியாசம் நான்குதான், இருந்தும் நம்ப முடியாமல் மூன்றாவது தடவையும் எண்ணினேன். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது.

அடுத்து ஸ்லைடில் ரத்தத்தைத் தேய்த்துச் சாயம் ஏற்றி, எந்த வகை வெள்ளணு எத்தனை என்று பார்க்க வேண்டும். சின்னச் சின்னதாய், வட்டமாய், கருநீல உட்கருவோடு ஏராளமான அணுக்கள். உட்கருவைச் சுற்றி இருந்த பகுதி இளஞ்சிவப்பாக இருந்தது. பகலெல்லாம் ஓணான் ரத்தம் பார்த்துவிட்டு வந்த கண் எனக்கு. பார்த்ததும் அது சிவப்பணு மாதிரித்தான் தெரிந்தது. ஆனால் மனிதனின் சிவப்பணுவில் உட்கரு கிடையாது. எட்டு வருடம் நானே சொல்லிக்கொடுத்தது. கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன், பாடத்தை இல்லை. சாயம் கொஞ்சம் கூடிவிட்டது என்று முடிவுசெய்து அவற்றையெல்லாம் லிம்போசைட் என்ற வெள்ளணுக் கணக்கில் சேர்த்தேன். நூற்றுக்கு எண்பத்து மூன்று. சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

டாக்டர் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டுத் தங்கை கணவரைத் தனியே அழைத்து, ரத்தப் புற்றுநோய் மாதிரி இருக்கிறது, மதுரைக்குக் கொண்டுபோய் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லி ஒரு கடிதம் கொடுத்தார். அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு வழி இல்லை. வீங்கிய மண்ணீரல், வெளுத்த பிள்ளை, நாற்பத்தொன்றாயிரம் வெள்ளணு. வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அன்று ராத்திரி தங்கை வீட்டில் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் கணவர் என்னிடம் கேட்டார். நான் படித்தவன், ரத்தத்தைக் கண்ணால் பார்த்தவன், அதனால் நான் சொல்கிறபடியே செய்வதாகச் சொன்னார். மதுரைக்குக் கொண்டுபோனால் பிழைக்குமா என்று கேட்டார். எங்கள் கல்லூரி அலுவலகத்தில் ஒருவருடைய மகன் அதே நோயில் ஆறு மாதம் ஊசியும் குழாயுமாகக் கிடந்து இறந்துபோனதை நான் பார்த்திருந்தேன்.

“வேண்டாம் மாமா,” என்று சொன்னேன். “குத்திக் குத்தி எடுத்துருவாங்க. புள்ள வீட்டுலயே இருக்கட்டும்.”

கடிதம் நாட்காட்டிக்குப் பின்னால் போய்ச் செருகிக்கொண்டது.

அதற்குப் பிறகு இருபத்து மூன்று நாட்கள். பரிசோதனை நிலையத்தைப் பூட்டிவிட்டு ராஜபாளையத்துக்குக் கடைசி பஸ் பிடிப்பதற்கு முன் தினமும் தங்கை வீட்டுக்குப் போவேன். பிள்ளை தங்கையின் மடியிலேயே கிடப்பாள். தங்கை தன் வேலைகளை எல்லாம் பக்கத்து வீட்டு அம்மாவிடம் விட்டுவிட்டாள். பிள்ளை எதைக் கேட்டாலும் கிடைத்தது. நுங்கு கேட்டாள், பருவம் தொடங்குவதற்கு முன்னாலேயே எங்கிருந்தோ வந்தது. யானை பார்க்க வேண்டும் என்றாள். கோயில் யானையைப் பார்க்க அப்பா தோளில் தூக்கிக்கொண்டு போனார். சாகப்போகிற பிள்ளைக்கு என்ன மறுப்பது என்று எல்லோரும் இருந்தோம்.

நான் என்ன செய்தேன்? எதிரே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பிள்ளையின் மூச்சை எண்ணினேன். முதல் நாள் நிமிடத்துக்கு முப்பத்தெட்டு. பத்தாம் நாள் நாற்பத்து நான்கு. ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்தேன். அதனால் யாருக்கு என்ன லாபம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. சும்மா உட்கார என்னால் முடியாது.

பிள்ளை ஒருநாள் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள்.

“எதுக்கு மாமா எம் வயித்தையே பாக்கீய?”

மூச்சை எண்ணுகிறேன் என்று சொன்னேன். எம்புட்டு வந்திருக்கிறது என்று கேட்டாள். முப்பத்தொன்று வரை எண்ணியிருந்தேன், சொன்னேன். உடனே கன்னத்தை உப்பிக்கொண்டு மூச்சை அடக்கிக்கொண்டாள். நான் விழிப்பதைப் பார்த்துச் சிரிப்பு வந்து, சிரித்ததில் இளைப்பு வந்து, இளைப்பில் கண் சொருகியது. தங்கை என்னை வெளியே போகச் சொன்னாள். மறுநாளும் நான் வந்து உட்கார்ந்ததும் பிள்ளை கன்னத்தை உப்பிக் காட்டினாள். அது எங்கள் இருவருக்கும் விளையாட்டாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் அவளால் அடக்க முடிந்தது நான்கு நொடி, மூன்று நொடி.

இருபத்து மூன்றாம் நாள் பிற்பகல், கல்லூரியில் மூன்றாமாண்டு மாணவர்களுக்கு ரத்தச் செய்முறை. மனித ரத்தம், ஓணான் ரத்தம் இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஒரு மாணவன் ஓணான் ரத்தத்தை அமிலக் கரைசலில் கலந்துவிட்டான். பெரிய கட்டங்களில் எண்ண முடியாத அளவுக்கு நெருக்கமாக இருந்ததால், புத்திசாலி என்று நினைத்துக்கொண்டு சின்னக் கட்டங்களில் எண்ணிப் பெருக்கி, வெள்ளணு பதினொரு லட்சம் என்று நோட்டில் எழுதிக் கொண்டுவந்து நீட்டினான். எனக்குக் கோபம் வந்தது. அத்தனை முறை சொல்லியும் இப்படி.

“ஏலே, ஓணானுக்கு என்ன ரத்தப் புத்துநோயா?” என்று கேட்டேன்.

வகுப்பு முழுக்கச் சிரித்தது. அந்த மாணவனும் சிரித்துக்கொண்டே, “அப்ப சிவப்பத்தான் வெள்ளைன்னு எண்ணிட்டேனா சார்?” என்றான்.

 பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். நோட்டு கீழே விழுந்தது. யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

ரத்தம் போதாத உடம்பு ஆக்சிஜனுக்குத் தவிக்கும்போது மஜ்ஜை என்ன செய்யும் என்பதும் எனக்குத் தெரிந்த பாடம்தான். முதிராத சிவப்பணுக்களை, உட்கருவை உதறக்கூட நேரம் கொடுக்காமல், அப்படியே வெளியே தள்ளும். வேறு ஒரு பாடத்தில், வேறு ஒரு பக்கத்தில் படித்தது. அந்தப் பக்கத்தையும் இந்தப் பக்கத்தையும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை. ஓணானின் உட்கருவுள்ள அணு முழுதாய் வளர்ந்தது, மாதக்கணக்கில் உழைப்பது. பிள்ளையின் ரத்தத்தில் வந்தவை அரைகுறையாய் ஓடிவந்தவை. அவற்றால் சுமக்க முடிந்தது கொஞ்சம்தான். ஆனால் அமிலத்தில் கரையாமல் நிற்கிற விஷயத்தில் இரண்டும் ஒன்று.

வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு பரிசோதனை நிலையத்துக்கு பஸ் ஏறினேன். பழைய ஸ்லைடுகளை நான் தூக்கி எறிவதில்லை. தேதி எழுதி மரப்பெட்டியில் அடுக்கி வைத்திருப்பேன். அதிலிருந்து பிள்ளையின் ஸ்லைடை எடுத்து மறுபடி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். இந்த முறை பாடத்தை ஒதுக்கிவைத்துக் கண் சொன்னதை எழுதினேன். நூறு வெள்ளணுவுக்கு இருநூற்று முப்பது சிவப்பணுக்கள் உட்கருவோடு இருந்தன. அவற்றைக் கழித்தால் உண்மையான வெள்ளணு பன்னிரண்டாயிரத்து நானூறு. காய்ச்சல் கண்ட எந்தப் பிள்ளைக்கும் இருக்கக்கூடியது. புற்றுநோய் இல்லை.

டாக்டரிடம் ஸ்லைடைக் கொண்டுபோனேன். அவருடைய மைக்ராஸ்கோப்பில் வைத்து வெகுநேரம் பார்த்தார். தலையை நிமிர்த்தியதும் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். இன்றைக்கே மதுரைக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள், ரத்தம் ஏற்ற வேண்டும் என்று மட்டும் சொன்னார். பிறகு, வீட்டாரிடம் மறுபடி பார்த்ததில் வேறு மாதிரித் தெரிந்தது என்று சொல்லிவிடுவோம், இப்போது அவர்களுக்கு அதற்கு மேல் தெரிய வேண்டாம் என்றார். நான் சரி என்றேன். அந்தச் ‘சரி’யை அவ்வளவு வேகமாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

தங்கை வீட்டில் நான் சொன்னதும் தங்கை கணவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். டாக்ஸி பிடித்தோம். கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது பிள்ளை தூங்கிவிட்டாள். தூக்கம்தானா என்று தங்கை நான்கைந்து முறை என்னிடம் கேட்டாள். நான் எண்ணிச் சொன்னேன்.

மதுரையில் முதல் பாட்டில் ரத்தம் ஏறி முடிந்த காலையில் பிள்ளையின் உதட்டில் ஒரு நிறம் வந்தது. நான்கு வருடத்தில் அந்த நிறத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அவளே எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். மூச்சு இருபத்தாறு. பெரிய டாக்டர் வந்து, சொந்தத்தில் கட்டினீர்களா என்று கேட்டார். தாய்மாமன் என்றதும் தலையசைத்துக்கொண்டார். நோயின் பெயர் தலசீமியா. பெற்றோர் இருவரிடமும் பாதிப் பாதியாக மறைந்திருந்து பிள்ளையிடம் முழுதாய் வருவது. மாதம் ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும், எத்தனை வருடம் ஆனாலும். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அவர் இன்னொன்றும் சொன்னார்.

“இதயம் பெருத்திருக்கு. கொஞ்சம் முன்னாடியே கொண்டுவந்திருக்கலாம்.”

கொஞ்சம் என்றால் எத்தனை நாள்? நான்கு வருடத்தையும் சேர்த்துச் சொன்னாரா, அந்த இருபத்து மூன்று நாளைச் சொன்னாரா? அவர் பின்னாலேயே வராந்தாவில் நடந்துபோய்க் கேட்க வாயெடுத்தேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். இப்போது என் வயதில், ராத்திரியில் தூக்கம் கலைந்தால் இந்தக் கேள்வியைத்தான் போட்டுப் புரட்டுகிறேன். 

பிள்ளை ஆறு வருடம் இருந்தாள். பள்ளிக்கூடம் போனாள், நான்காம் வகுப்பு வரை. அறுபத்தெட்டு பாட்டில் ரத்தம். அதில் ஐந்து என்னுடையது. அதற்கு மேல் என் உடம்பிலும் ரத்தம் போதவில்லை என்று எடுக்க மறுத்துவிட்டார்கள். நானும் அந்தக் குடும்பம்தானே. ஏற்றுகிற ரத்தத்தில் இருக்கும் இரும்பு உடம்பில் தங்கி இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும். அதை வெளியே எடுக்கிற மருந்து எங்கள் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது. தொண்ணூற்றிரண்டில், பத்து வயதில், இதயம் நின்றது.

அந்த ஆறு வருடமும் அதன் பிறகும் தங்கை கணவர் ஒரு கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். மில்லில், கல்யாண வீட்டில், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூட. டாக்டரே கைவிட்ட பிள்ளையை எங்க மாப்ள ஸ்லைடைத் திரும்பப் பார்த்து ஆறு வருசம் பிழைக்க வச்சாரு என்று. என் காதுபட மட்டும் பத்தொன்பது தடவை. ஒவ்வொரு தடவையும் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதைத் தன்னடக்கம் என்று நினைத்தார்கள்.

பிள்ளை போய் ஒரு வருடம் கழித்து, தொண்ணூற்று மூன்றில், தங்கையிடம் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்தேன். காலையில் போனேன். அவள் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்போது நாலு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர், அதுவும் செத்த நேரம்தான் வரும். வரிசையில் அவள் குடங்கள் ஏழு. குழாயடியில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சொல்லத் தொடங்கினேன். நாற்பத்தொன்றாயிரம் என்று எழுதியது நான்தான் என்றேன். அது தப்பு என்றேன். ஸ்லைடைப் பார்த்தபோதே என் கண்ணுக்குச் சிவப்பாகத்தான் தெரிந்தது, பாடத்தை நம்பி மாற்றி எழுதினேன் என்றேன். மதுரைக்கு வேண்டாம் என்று தடுத்ததும் நான். அந்த இருபத்து மூன்று நாளில் பிள்ளையின் இதயம் எவ்வளவு பெருத்ததோ, அதுவும் என் கணக்கில்தான் என்றேன்.

அவள் நிறைந்த குடத்தை நகர்த்தி அடுத்த குடத்தை வைத்தாள். நான் பேசி முடிக்கும்வரை மூன்று குடம் நிறைந்தது. நான்காவது குடம் பாதியில் இருக்கும்போது தண்ணீர் நூலாகி நின்றுவிட்டது. அவள் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணே,” என்றாள். “அறுபத்தெட்டு தடவ அவளக் குத்தினாங்க. ஒவ்வொரு தடவையும் நாந்தான் கையப் புடிச்சுக்கிட்டேன். அந்த இருபத்து மூணு நாளுதான் ஊசியில்லாம, அழுகையில்லாம, எம் மடியிலயே கெடந்தா. நெனச்சுப் பாக்க எங்கிட்ட இருக்கது அம்புட்டுதான். அதையும் தப்புன்னு சொல்லிராத.”

 நான் மன்னிப்புக் கேட்டுத் திரும்பிவிடலாம் என்று வந்தவன். அவள் அதைக் கொடுக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. காலிக் குடங்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருக முடியாமல் தடுமாறினாள். இரண்டை நான் வாங்கிக்கொண்டேன். வீட்டு வாசலுக்கு வந்ததும் நின்று குரலைத் தாழ்த்தினாள்.

“அவிய கிட்டயும் சொல்லிராத. நைட்டு ஷிப்ட் முடிச்சு வந்து, யாராச்சும் கெடச்சா அதத்தான் சொல்லுதாவ. சொன்னாத்தான் சோறு எறங்குது.”

உள்ளே அவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். அவரோடு மில்லில் வேலை செய்கிற ஒருவரும் வந்திருந்தார், எனக்குப் பழக்கமில்லாத முகம். தங்கை எனக்கும் ஒரு இலை போட்டாள். தங்கை கணவர் அந்த மனிதரிடம் என்னைக் காட்டி, டாக்டரே கைவிட்ட பிள்ளையை எங்க மாப்ள எப்படிக் காப்பாற்றினார் என்று தொடங்கினார். ஸ்லைடு, மதுரை, டாக்ஸி, முதல் பாட்டில் ஏறியதும் பிள்ளை இட்லி கேட்டது, எல்லாவற்றையும் வரிசை மாறாமல் சொன்னார். தங்கை கரண்டியில் குழம்போடு அவர் இலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவர் சொல்லி முடிப்பதற்காகக் காத்திருந்தாள்.

“நெசமா சார்?” என்று அந்த மனிதர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

தங்கை என்னைப் பார்க்கவில்லை. குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“ஆமா,” என்றேன்.